துப்பாக்கியில் ஸ்கோப் பொருத்தும் உயரம்: வில்லை, போல்ட், கன்னம் – மூன்றையும் பார்த்து முடிவெடுங்கள்

கோத்தா கோலா மூடா வயல் பகுதியிலிருந்து சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்கள் வரை, காட்டுப்பன்றியும் குரங்கும் பயிரை அழிக்கும் இடங்களில் உரிமம் பெற்ற துப்பாக்கி புதிதல்ல. தோட்டங்களில் அது பெரும்பாலும் 'செனாப்பாங் பாத்தா' எனப்படும், நடுவில் மடித்துத் திறக்கும் ஷாட்கன்தான். சுடும் விளையாட்டுக்குப் போகிறவர்களின் கையில் .22 ரைஃபிளும் காற்றுத் துப்பாக்கியும் இருக்கும்.

இவற்றில் தொலைநோக்கி, அதாவது ஸ்கோப், பொருத்த நினைப்பவர்கள் முதலில் கேட்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும், விலை எத்தனை ரிங்கிட் என்பதைத்தான். அதைத் தாங்கும் வளையம் எவ்வளவு உயரமாக இருக்க வேண்டும் என்ற கேள்வி கடைசியில்தான் வரும். பல வேளைகளில் வருவதே இல்லை. கடைக்காரர் கையில் கிடைத்த வளையத்தை மாட்டிக் கொடுப்பார், வாங்கியவரும் எடுத்துக்கொண்டு போவார்.

ஆனால், விலை உயர்ந்த ஸ்கோப்பும் தவறான உயரத்தில் அமர்ந்தால் பயன் தராது. குறி ஒரு நாள் சரியாக விழும், மறுநாள் விலகும். சுடுதளத்தில் அதனால் போவது புள்ளி மட்டும்தான். தோட்டத்தில் அப்படியல்ல. சரியான இடத்தில் குண்டு படாத பன்றி காயத்தோடு புதருக்குள் ஓடும். அது வலியில் துடிப்பதோடு, அதைத் தேடிப் போகிறவருக்கும் மறுநாள் காலை அந்த வரிசையில் வேலைக்கு இறங்குகிறவருக்கும் ஆபத்தாகிவிடும்.

இரண்டு கோடுகள்

துப்பாக்கியில் இரண்டு கோடுகள் உண்டு. ஒன்று, குழலின் நடுவே போகும் கோடு; குண்டு புறப்படும் பாதை அது. மற்றொன்று, கண்ணிலிருந்து ஸ்கோப்பின் நடுவே இலக்குக்குப் போகும் பார்வைக்கோடு. குழலின் மையத்துக்கும் ஸ்கோப்பின் மையத்துக்கும் இடையே உள்ள செங்குத்துத் தூரம்தான் 'பொருத்தும் உயரம்'.

பார்வைக்கோடு மேலே இருக்கிறது, குழல் கீழே இருக்கிறது. இரண்டும் சந்திக்க வேண்டுமானால் குழல் சற்றே மேல்நோக்கி இருக்க வேண்டும். குண்டு கீழிருந்து ஏறி, பார்வைக்கோட்டைக் கடந்து மேலே போய், பிறகு புவியீர்ப்பால் இறங்கி, மறுபடியும் அந்தக் கோட்டைத் தொடும். இரண்டாவது முறை தொடும் தூரத்தைத்தான் பொதுவாக 'ஸீரோ' தூரம் என்கிறார்கள்.

ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாகப் பாயும் .22 தோட்டாவை எடுத்துக்கொள்வோம். ஸ்கோப் 40 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, 50 மீட்டருக்கு ஸீரோ செய்யப்பட்டிருக்கிறது. குண்டு 10 மீட்டரில் குறிக்கு ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் கீழேயும், 25 மீட்டரில் 12, 13 மில்லிமீட்டர் மேலேயும் படும். 75 மீட்டரில் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் இறங்கிவிடும். தோட்டாவுக்குத் தோட்டா இது மாறும் என்றாலும், வளைவின் வடிவம் இதுதான்.

உயரம் கூடினால் என்ன மாறும்?

இதற்கு நினைவில் வைக்க எளிதான ஒரு கணக்கு உண்டு. அதே துப்பாக்கி, அதே தோட்டா, அதே 50 மீட்டர் ஸீரோ. ஸ்கோப்பை மட்டும் 20 மில்லிமீட்டர் உயர்த்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

குழல்வாயில் குண்டு முன்பைவிட 20 மில்லிமீட்டர் கீழே இருக்கும். பாதித் தூரமான 25 மீட்டரில் 10 மில்லிமீட்டர் கீழே படும். 50 மீட்டரில் மாற்றமே இல்லை. 75 மீட்டரில் 10 மில்லிமீட்டர் மேலேயும், 100 மீட்டரில் 20 மில்லிமீட்டர் மேலேயும் படும்.

அதாவது, உயரம் கூடினால் கிட்டத்தில் குறி இறங்கும், ஸீரோ தூரத்துக்கு அப்பால் சற்று ஏறும். 10, 15 மீட்டரில் எலியையோ அணிலையோ குறிவைக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு இந்த வித்தியாசம் பெரிது. 100 மீட்டரில் பன்றியைக் குறிவைக்கும் ரைஃபிளுக்கு இது பெரிய விஷயமல்ல. ஆகவே, 'எவ்வளவு முடியுமோ அவ்வளவு தாழ்வாகப் பொருத்து' என்ற பழைய அறிவுரை கிட்டத்துச் சூட்டுக்குப் பொருந்தும். எல்லாவற்றுக்கும் அதையே சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் அளவு: முகப்பு வில்லை

ஸ்கோப்பின் முன்பக்கத்து அகன்ற பகுதி குழலைத் தொடவே கூடாது. தொட்டால் சுடும்போது ஏற்படும் அதிர்வில் குறி விலகும், ஸ்கோப்பின் உடலும் அழுத்தப்படும்.

இங்கே பலர் செய்யும் தவறு, பெட்டியில் எழுதியிருக்கும் 40, 50 என்ற எண்ணை வெளிவிட்டமாக எடுத்துக்கொள்வது. அது கண்ணாடியின் விட்டம். அதைச் சுற்றி உலோகம் உண்டு. 40 மில்லிமீட்டர் வில்லையின் வெளிவிட்டம் பொதுவாக 47, 48 மில்லிமீட்டர் இருக்கும். 50 மில்லிமீட்டர் வில்லைக்கு ஏறத்தாழ 57 வரும். வெர்னியர் அளவுகோலால் அளந்து பார்ப்பதே நல்லது.

கணக்கு இப்படிப் போகும்:

வெளிவிட்டம் 48 என்றால் அதில் பாதி 24. குழலுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே 2 மில்லிமீட்டர் இடைவெளி. மொத்தம் 26. அந்த இடத்தில் குழலின் தடிமன் 18 என்றால் அதில் பாதி 9. ஆக, குழல் மையத்திலிருந்து ஸ்கோப் மையம் வரை குறைந்தது 35 மில்லிமீட்டர் வேண்டும்.

அதே துப்பாக்கியில் 50 மில்லிமீட்டர் வில்லை என்றால் 28.5, 2, 9 என்று சேர்ந்து 39.5 ஆகும். பெரிய வில்லை கேட்கும் கூடுதல் உயரம் ஏறத்தாழ 4.5 மில்லிமீட்டர்தான். ஆனால், அந்த நாலரை மில்லிமீட்டர் கன்னத்தைக் கட்டையிலிருந்து பிரித்துவிடக்கூடும். வில்லைக்கு மூடி மாட்டும் பழக்கம் இருந்தால் அதன் தடிமனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இடைவெளியைச் சோதிக்கத் தனிக் கருவி தேவையில்லை. வங்கி அட்டை ஒன்றின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். மூன்று அட்டைகளை ஒன்றாகச் சேர்த்தால் 2.3 மில்லிமீட்டர். அவை குழலுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே தடையின்றி நுழைந்தால் போதும்.

'லோ', 'மீடியம்', 'ஹை': பெயரை நம்ப வேண்டாம்

வளையங்களை நிறுவனங்கள் இந்த மூன்று பெயர்களில் விற்கின்றன. இவற்றுக்குப் பொதுவான அளவு கிடையாது. ஒரு நிறுவனத்தின் 'மீடியம்' இன்னொரு நிறுவனத்தின் 'ஹை' ஆக இருக்கும்.

அளக்கும் முறையும் இரண்டு விதம். சிலர் தளத்தின் மேற்பரப்பிலிருந்து வளையத்தின் மையம் வரை அளக்கிறார்கள். வேறு சிலர் தளத்திலிருந்து வளையத்தின் உள்பக்க அடிவரை மட்டும் அளக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே ஸ்கோப் குழாயின் பாதி விட்டம் வித்தியாசம். 1 அங்குலக் குழாய்க்கு அது 12.7 மில்லிமீட்டர், 30 மில்லிமீட்டர் குழாய்க்கு 15, 34 மில்லிமீட்டர் குழாய்க்கு 17.

மேலே கணக்கிட்ட 35 மில்லிமீட்டரையே எடுத்துக்கொள்வோம். துப்பாக்கியின் மேலுள்ள தளம் குழல் மையத்திலிருந்து 16 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால், மீதி 19. மையம் வரை அளக்கும் நிறுவனத்திடம் 19 மில்லிமீட்டர் வளையம் கேட்க வேண்டும். அடிவரை அளக்கும் நிறுவனத்தின் 1 அங்குல வளையம் என்றால் 6.3 மில்லிமீட்டர் போதும். இது தெரியாமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டு வாங்கினால் பணம் வீண்.

தளத்தின் வகையையும் பார்க்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியிலும் பல .22 ரைஃபிள்களிலும் 11 மில்லிமீட்டர் அகலமுள்ள, புறா வால் வடிவப் பள்ளம் இருக்கும். பெரிய ரைஃபிள்களில் வீவர், பிக்காட்டினி வகைத் தண்டவாளங்கள் இருக்கும். ஒன்றின் வளையம் மற்றொன்றில் உட்காராது.

இரண்டாவது அளவு: போல்ட், தோட்டா வெளியேறும் வழி

முன்பக்கம் இடைவெளி இருந்தால் மட்டும் போதாது. போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போது அது ஸ்கோப்பின் பின்பகுதியில் இடிக்கக் கூடாது; கைவிரலும் நசுங்கக் கூடாது. பழைய மௌசர் 98 வகைத் துப்பாக்கிகளில் இது பெரிய தலைவலி. அவற்றின் கைப்பிடி 90 பாகை மேலெழும். பாதுகாப்பு விசையும் போல்ட்டின் மேலேயே புரளும். தாழ்வாக ஸ்கோப் பொருத்த விரும்பியவர்கள் கைப்பிடியை வளைத்து, பாதுகாப்பு விசையையும் மாற்ற வேண்டியிருந்தது.

சில துப்பாக்கிகளில் மேலே ஸ்கோப் வைக்கவே வழியில்லை. தமிழ்நாட்டின் சேலம், தருமபுரிக் காடுகளில் ஆட்கொல்லி விலங்குகளைத் தேடிச் சென்ற பெங்களூர் எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் பயன்படுத்தியது 1895ஆம் ஆண்டு மாதிரி .405 வின்செஸ்டர். அதில் வெற்றுத் தோட்டா மேல்வழியாக வெளியேறும். அந்த வழியின் நேர் மேலே ஸ்கோப் வைத்தால் தோட்டா அதில் மோதும்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இராணுவமும் இதே சிக்கலைச் சந்தித்தது. லீ என்ஃபீல்ட் துப்பாக்கியில் ஐந்து தோட்டாக்களை ஒரே பட்டையில் மேலிருந்து நிரப்புவார்கள். அந்த வழியை மறைக்கக் கூடாது என்பதற்காக, ஸ்கோப்பை இடப்பக்கமாகத் தள்ளிப் பொருத்தினார்கள். தோட்டா நிரப்ப வசதி கிடைத்தது. ஆனால் பார்வைக்கோடு மேலே மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் விலகிப்போனதால், ஸீரோ தூரத்தைத் தவிர மற்ற எல்லாத் தூரத்திலும் இடம், வலம் கணக்குப் போட்டுச் சுட வேண்டியதாயிற்று.

மூன்றாவது அளவு: கன்னம்

முதல் இரண்டு அளவுகளும் ஸ்கோப் இதற்குக் கீழே போக முடியாது என்பதைச் சொல்கின்றன. எந்த உயரம் சரி என்பதைச் சொல்வது சுடுகிறவரின் முகம்.

கன்னம் தோள்கட்டையில் உறுதியாகப் படிந்திருக்கும்போது கண் தானாகவே ஸ்கோப்பின் மையத்துக்கு நேராக வர வேண்டும். ஸ்கோப் மிக உயரமாக இருந்தால் கன்னம் கட்டையைவிட்டு எழும்பும், தாடைதான் கட்டையில் நிற்கும். தலைக்குப் பிடிமானம் இல்லாததால் ஒவ்வொரு சூட்டிலும் கண் வேறு வேறு இடத்தில் இருக்கும். ஸ்கோப் குறிப்பிட்ட ஒரு தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும்; .22 ஸ்கோப்புகளில் பெரும்பாலும் 50 கெஜம். அந்தத் தூரம் தவிர மற்றத் தூரங்களில் கண் நகர்ந்தால் இலக்கின் மேலுள்ள குறுக்குக்கோடும் நகர்வதுபோல் தெரியும். குறி ஒரு நாள் சரியாகவும் மறுநாள் தவறாகவும் விழுவதற்குப் பல வேளைகளில் இதுதான் காரணம்.

ஸ்கோப் மிகத் தாழ்வாக இருந்தாலும் தொல்லைதான். கன்னத்தை நசுக்கி, கழுத்தை வளைத்துப் பார்க்க வேண்டிவரும். சில நிமிடங்களில் கழுத்து வலிக்கும், கை நடுங்கும்.

இதை அறியச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை உறுதிசெய்ய வேண்டும். பாதுகாப்பான திசையில் நீட்டி, கண்களை மூடிக்கொண்டு, வசதியாகக் கன்னத்தைக் கட்டையில் பதித்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். கறுப்பு நிழல் எதுவும் இல்லாமல் முழு வட்டம் தெரிந்தால் உயரம் சரி. தலையைத் தூக்கினால்தான் முழு வட்டம் வருகிறது என்றால் ஸ்கோப் உயரம் அதிகம், அல்லது கட்டை தாழ்வு. நின்றும், உட்கார்ந்தும், படுத்தும் மூன்று நிலையிலும் இதைச் செய்து பார்க்க வேண்டும். எந்த நிலையில் அதிகம் சுடுகிறாரோ அந்த நிலைக்கே முதலிடம். அண்ணனுக்குப் பொருந்திய உயரம் தம்பிக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. இருவரின் கன்ன எலும்பும் ஒன்றல்ல.

வளையத்தை இதற்குமேல் தாழ்த்த முடியாது, கன்னமும் எட்டவில்லை என்றால் கட்டையை உயர்த்துவதே வழி. இரண்டாம் உலகப் போரில், 1942 முதல், பிரிட்டிஷார் செய்ததும் அதுதான். நான்காம் எண் லீ என்ஃபீல்டில் பக்கவாட்டுத் தாங்கியின் மேல் உயரமாக ஸ்கோப் அமர்ந்தபோது, தோள்கட்டையின் மேல் ஒரு மரக் கன்னத்தாங்கியைத் திருகிவிட்டார்கள். இன்று அதே வேலையைச் செய்யும் கட்டிக்கொள்ளும் கன்னப்பட்டைகள் விற்கின்றன. அவசரத்துக்கு, அடர்ந்த ரப்பர் மெத்தையை வெட்டித் துணிப்பட்டையால் இறுக்கிக் கட்டினாலும் போதும்.

உயரமான ஸ்கோப் எப்போதும் தவறு என்று சொல்லவும் முடியாது. மலேசிய இராணுவம் 1990களில் ஏந்திய ஸ்டெயர் ஏயுஜி துப்பாக்கியைத் தேசிய தின அணிவகுப்பில் பார்த்தவர்களுக்கு, அதன் முதுகில் கைப்பிடிபோல் உயர்ந்து நிற்கும் 1.5 மடங்கு ஸ்கோப் நினைவிருக்கும். பிறகு வந்த எம்4 துப்பாக்கியிலும் பார்வைக்கோடு குழலுக்கு ஏறத்தாழ 65 மில்லிமீட்டர் மேலேதான் இருக்கிறது. காரணம், இவற்றின் தோள்கட்டை குழலுக்கு நேர்க்கோட்டில் இருக்கிறது. பின்னுதை நேராகத் தோளில் இறங்க அது உதவும். ஆனால் அந்தக் கட்டையில் கன்னத்தை வைத்தால் கண் இயல்பாகவே உயரத்தில் நிற்கும். அதனால் ஸ்கோப்பும் அங்கே போகிறது.

சுடும் விளையாட்டிலும் இதே பாடம்தான். கடலூரில் பிறந்து, தோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காகக் களமிறங்கிய இளவேனில் வாலறிவனின் பிரிவு 10 மீட்டர் காற்று ரைஃபிள். அதில் ஸ்கோப் அனுமதி இல்லை. சிறு துளை வழியாகப் பார்க்கும் குறிகாட்டிதான். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். இந்தப் பிரிவில் நின்றுகொண்டு சுடுகிறவர்கள் தலையைக் குனியாமல் நிமிர்த்தி வைப்பதற்காக, குறிகாட்டிகளின் அடியில் உயர்த்தும் கட்டைகளைப் பொருத்திக்கொள்வது வழக்கம். கன்னப்பலகையையும் அதற்கேற்ப ஏற்றிக்கொள்கிறார்கள்.

ஷாட்கன் வைத்திருப்பவர்கள் கவனிக்க

ஷாட்கனில் முன்னால் ஒரு சிறு மணி மட்டும்தான் இருக்கும். பின் குறிகாட்டியின் வேலையைச் சுடுகிறவரின் கண்ணே செய்கிறது. அதன் கட்டை, கண் குழலை ஒட்டி வரும்படி தாழ்வாகச் செதுக்கப்பட்டது. அதன் மேல் உயரமான ஸ்கோப்பைப் பூட்டினால் கன்னம் கட்டாயம் எழும்பும். 12 போர் துப்பாக்கியின் உதையில், பிடிமானம் இல்லாத முகத்தைக் கட்டை அடிக்கும். கண்ணுக்கு மிக அருகில் உள்ள ஸ்கோப் புருவத்தைக் கிழிக்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே குறைந்தது 75 முதல் 100 மில்லிமீட்டர் வேண்டும்.

ரவைத் தோட்டா போட்டுக் கிட்டத்தில் சுடுகிறவருக்கு ஸ்கோப்பே தேவையில்லை. ஒற்றைக் குண்டு பயன்படுத்துகிறவர் விரும்பினால், தாழ்வான தளத்தில் பெருக்கம் இல்லாத சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி வைப்பது பொருத்தம்.

சாய்வைப் பற்றிய தவறான நம்பிக்கை

'ஸ்கோப் உயரமாக இருந்தால் துப்பாக்கி சற்றுச் சாய்ந்தாலும் குறி பெரிதாக விலகும்' என்று பலர் சொல்வதுண்டு. ஸீரோ தூரத்தில் இது உண்மையல்ல. அங்கே விலகலைத் தீர்மானிப்பது குண்டு எவ்வளவு இறங்குகிறது என்பது மட்டுமே. மற்றத் தூரங்களில் உயரத்தின் பங்கு உண்டு, ஆனால் சிறிது. 20 மில்லிமீட்டர் கூடுதல் உயரம், 5 பாகைச் சாய்வு, ஸீரோவைப்போல் இரு மடங்கு தூரம் என்றாலும் கூடுதல் விலகல் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. துப்பாக்கியைச் சாய்க்காமல் பிடிக்கப் பழகுவதுதான் தீர்வு. வளையத்தை மாற்றுவதால் அது தீராது.

கண்ணுக்குத் தெரியாத வரப்பு

உயரத்தைப் பற்றிப் பேசும்போது மறக்கவே கூடாதது இது. ஸ்கோப் வழியே வழி தெளிவாகத் தெரிகிறது என்பதால் குழலுக்கும் வழி தெளிவாக இருக்கிறது என்று பொருளல்ல. குழல்வாய், கண் பார்க்கும் கோட்டுக்கு 4 முதல் 6 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. மேலே சொன்ன .22 உதாரணத்தில், 5 மீட்டர் போன பிறகும் குண்டு பார்வைக்கோட்டுக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் கீழேதான் பறக்கிறது.

வடிகால் கரை, வயல் வரப்பு, விழுந்து கிடக்கும் செம்பனை மட்டை, வண்டியின் முன்மூடி என எதன் மேல் சாய்ந்து சுட்டாலும் இந்த ஆபத்து உண்டு. அருகில் உள்ள தடை, பெருக்கிக் காட்டும் ஸ்கோப்பில் மங்கலாகிக் காணாமலே போகும். குண்டு அதில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. விசையை அழுத்தும் முன், ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துக் குழல்வாயின் முன்னே என்ன இருக்கிறது என்று வெறும் கண்ணால் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஸ்கோப் உயர உயர இந்தக் கவனமும் கூட வேண்டும்.

சட்டம் சொல்வது

மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில், ஆயுதம் என்ற சொல்லுக்குள் காற்றுத் துப்பாக்கியும் அடங்கும். 'செனாப்பாங் ஆங்கின்தானே' என்று இணையத்தில் வாங்கி, உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். 1971ஆம் ஆண்டின் துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டத்தின் 8ஆவது பிரிவு, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் விதிக்கிறது.

உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் துப்பாக்கியைக் கையாள வேண்டும். ஸ்கோப்பைச் சோதித்துப் பார்க்கட்டும் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புவது இருவரையும் சிக்கலில் மாட்டும். தளம் பொருத்தத் துளை போட வேண்டியிருந்தால், அதைப் பட்டறையில் செய்யக் கூடாது. ஆயுதம் பழுதுபார்க்கும் உரிமம் பெற்றவரிடமே கொடுக்க வேண்டும். காட்டுப்பன்றியைச் சுட, துப்பாக்கி உரிமம் மட்டும் போதாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்ஹிலித்தானின் உரிமமும் வேண்டும்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

முதலில் எந்தத் தூரத்தில் அதிகம் சுடுகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். அதற்குத் தேவையான வில்லையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; தோட்டத்துத் தூரத்துக்கு 32 அல்லது 40 மில்லிமீட்டர் வில்லையே தாராளம். வெளிவிட்டம், குழல் தடிமன், தளத்தின் உயரம் மூன்றையும் அளந்து தாளில் எழுதிக் கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். நிறுவனம் எந்த முறையில் வளையத்தை அளக்கிறது என்று கேட்க வேண்டும். போல்ட் தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாகக் கண்மூடிச் சோதனை.

பொருத்தி முடித்த பிறகு, அனுமதி பெற்ற சுடுதளத்தில் ஸீரோ செய்ய வேண்டும். அதோடு நிறுத்தாமல் 10, 25, 50, 75 மீட்டரில் குறி எங்கே படுகிறது என்று சுட்டுப் பார்த்து, ஒரு சிறு தாளில் எழுதித் தோள்கட்டையில் ஒட்டிவைக்கலாம். வளையத்தையோ தோட்டா வகையையோ மாற்றினால், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சுட்டுப் பார்த்து எழுத வேண்டும்.